வலது தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவுல தீராத வலி, டெஸ்க் வேலைல இருக்கிறவங்க எப்படி சமாளிக்கிறீங்க?

கதிர்:

வணக்கம் மக்களே. நான் அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன், காலைல சிஸ்டம் முன்னாடி உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் அதே இடம்தான். ரெண்டு வருஷத்துக்கு மேலயே இருக்கும், மேல்முதுகுல வலி. இடுப்பு வலி இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா முதுகு வலின்னாலே எல்லாரும் இடுப்புக்குத்தான் வைத்தியம் சொல்றாங்க. வலது பக்க தோள்பட்டை எலும்போட உள் ஓரம் இருக்கு பாருங்க, அதுக்கும் முதுகெலும்புக்கும் நடுவுல, நம்ம கை சரியா எட்டாத இடம், அங்கதான். உக்காந்து கொஞ்ச நேரத்துலயே லேசா எரிச்சலா ஆரம்பிக்கும், மதியத்துக்கு மேல யாரோ கட்டைவிரலை வச்சு அழுத்திட்டே இருக்கிற மாதிரி ஆயிடும், மாசக் கடைசி க்ளோசிங் நேரத்துல கழுத்து வரைக்கும் ஏறி தலைவலியும் சேந்துக்கும். லீவு நாள்ல பாதிக்கு மேல குறைஞ்சிடுது, திங்கக்கிழமை உக்காந்தா திரும்ப வந்துடுது.

பண்ணாத வைத்தியம் இல்ல. சேர் மாத்தியாச்சு. தோளை பின்னாடி இழுத்து கட்டுற பெல்ட் வாங்கி போட்டு பாத்தேன், போட்டிருக்கிற வரைக்கும் தெம்பா இருக்கும், கழட்டினா அதே கதை. தைலம், ஒத்தடம், மசாஜ் எல்லாம் அன்னிக்கு ராத்திரி நல்லா இருக்கும், மறுநாள் மதியம் வரைக்கும் கூட தாங்காது. வீட்ல பெரியவங்க வாயுப் பிடிப்புன்னு சொல்றாங்க. எக்ஸ்ரேல ஒன்னும் இல்லன்னாங்க, அப்புறம் எம்ஆர்ஐ எடுத்ததுல கழுத்துல சி5-சி6 டிஸ்க், அதாவது அஞ்சாவது ஆறாவது கழுத்து எலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை மாதிரி வட்டு, கொஞ்சம் பிதுங்கி இருக்குன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு, அதை படிச்சதுலேந்து வலியை விட பயம்தான் ஜாஸ்தியா இருக்கு. டாக்டர் ரிப்போர்ட்டை பாத்துட்டு பெருசா ஒன்னும் இல்ல, போஸ்ச்சர் சரியில்ல, நிமிந்து உக்காருங்கன்னு சொல்லி வலி மாத்திரை குடுத்தார். நிமிந்து உக்காந்தா சீக்கிரமே இன்னும் ஜாஸ்தியா எரியுது, அதான் எனக்கு புரியல.

நின்னுட்டு வேலை பாக்குற டேபிள் வாங்கலாமா? எக்ஸர்சைஸ் பண்ணா டிஸ்க் இன்னும் வெளிய வந்துடுமா? இதுலேந்து உண்மையிலயே வெளிய வந்தவங்க யாராவது இருந்தா கொஞ்சம் விவரமா சொல்லுங்க, ரொம்ப புண்ணியமா போகும்.

நவீன்:

சகோ, நான் கோடிங் வேலைல இருக்கேன், இதே இடம், இதே எரிச்சல், அதனால நீங்க சொல்றது அப்படியே புரியுது. சேரை விடுங்க. எல்லாரும் சேர் மேலயே பழியை போடுறோம், ஆனா மேல்முதுகுக்கு சேரை விட முக்கியம் கை எங்க இருக்குங்கிறது. உங்க வலி வலது பக்கம் மட்டும் இருக்கு, நீங்க அக்கவுண்ட்ஸ், அப்ப கண்டிப்பா நம்பர் பேட் இருக்கிற பெரிய கீபோர்டு. இப்ப நீங்க உக்காந்திருக்கிற இடத்துலேந்தே பாருங்க. எழுத்து இருக்கிற பகுதி உங்க நெஞ்சுக்கு நேரா இருக்கும், அதுக்கு வலது பக்கம் அம்புக்குறி கீ, அதையும் தாண்டி நம்பர் பேட், அதுக்கும் அந்தப் பக்கம்தான் மவுஸ். அதாவது மவுஸை பிடிக்கணும்னா முழங்கை உடம்பை விட்டு வெளிய போயாகணும், தோள் லேசா முன்னாடி போகணும், அந்த கையோட வெயிட்டை நாள் முழுக்க தோள்பட்டையும் கழுத்துக்கு பக்கத்துல இருக்கிற தசையும்தான் தாங்கிட்டு இருக்கு. கை சும்மா மவுஸ் மேல இருக்குன்னு நாம நினைச்சுட்டு இருப்போம், உள்ள அது ஒரு செகண்ட் கூட ரெஸ்ட்ல இல்ல.

இடது கையால மேல்ல உங்க வலது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவுல இருக்கிற அந்த மேட்டை தொட்டுக்கிட்டே மவுஸை பிடிச்சு பாருங்க, இறுகுறது விரலுக்கே தெரியும். அப்புறம் மவுஸை கீபோர்டை ஒட்டி உள்ள கொண்டு வந்து, முழங்கை விலாவுக்கு பக்கத்துல இருக்கிற மாதிரி வச்சு, முன்கையை டேபிள் மேலயோ கைப்பிடி மேலயோ சாச்சு வச்சு திரும்ப தொட்டு பாருங்க. வித்தியாசம் அங்கயே தெரிஞ்சிடும், வேற ஆராய்ச்சி வேணாம்.

கைப்பிடியோட உயரத்தையும் கவனிங்க. ரொம்ப உயரமா இருந்தா தோளை காதுப் பக்கம் தூக்கி விட்டுடும், ரொம்ப கீழ இருந்தா ஒரு பக்கமா சாஞ்சு உக்காருவோம். தோளை நல்லா தளத்தி தொங்க விட்டு, முழங்கையை மடக்கினா அது எந்த உயரத்துல நிக்குதோ அதுதான் கைப்பிடி உயரம், டேபிள் உயரமும் கிட்டத்தட்ட அதே. ஸ்கிரீன் ஒரு கை நீட்டுற தூரத்துல, மேல் விளிம்பு கண் மட்டத்துலயோ கொஞ்சம் கீழயோ. லேப்டாப்னா அதை உயரமா எதுமேலயாவது வச்சுட்டு தனி கீபோர்டு, தனி மவுஸ் போட்டே ஆகணும், இல்லன்னா ஒன்னு கழுத்து குனியும், இல்ல தோள் தூக்கும், ரெண்டுல ஒன்னு நிச்சயம்.

நின்னு வேலை பாக்குற டேபிள் பத்தி என்னோட அபிப்பிராயம், இருந்தா நல்லதுதான், ஆனா நின்னுட்டும் கையை இதே மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா வலி நின்னுட்டு வரும், அவ்ளோதான். அந்த டேபிளால உள்ள லாபம் உக்காரறதும் நிக்கறதும் மாறி மாறி பண்ணலாம்ங்கிறது மட்டும்தான். அதை வாங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பண்ணி பாத்துடுங்க, காசு செலவே இல்லாத விஷயம்.

ஜெயந்தி (பிசியோதெரபிஸ்ட்):

கதிர், நவீன் சொன்னதுல பாதிக்கு மேல நான் சொல்ல வந்ததே. நான் வேற பக்கத்துலேந்து வரேன். முதல்ல ஒன்னு கேட்டுக்கறேன், நடக்கும்போது மாடி ஏறும்போது வலி வந்து நின்னா குறையுதா, நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குறது, தாடைக்கோ கைக்கோ வலி பரவுறது உண்டா, அப்படி இருந்தா இது இதயத்துலேந்து வர்ற வலியா கூட இருக்கலாம், இந்த மாதிரி பதில் எல்லாம் படிச்சுட்டு இருக்காம உடனே போய் காட்டுங்க. வலது தோள்பட்டைக்கு கீழ சாப்பிட்ட பிறகு வந்து போற வலின்னா பித்தப்பைல கல் இருக்கான்னும் பாக்கணும். காய்ச்சல், காரணம் இல்லாம எடை குறையறது, ராத்திரி எந்தப் பக்கம் படுத்தாலும் விடாத வலி, கீழ விழுந்த பிறகு ஆரம்பிச்ச வலி, முன்னாடி கேன்சர் வந்தவங்க, நாள்பட ஸ்டீராய்டு எடுக்கறவங்க, நடக்கும்போது கால் தடுமாறுறது, சட்டை பட்டன் போட விரல் ஒத்துழைக்காதது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போறது, இதுல எது இருந்தாலும் டாக்டர்தான், நாள் தள்ளக்கூடாது. நீங்க சொன்னதுல இது எதுவும் இல்ல, வேலை நாள்ல கூடுது லீவு நாள்ல குறையுது, அது நல்ல அறிகுறி.

இப்ப நிமிந்து உக்காந்தா ஏன் ஜாஸ்தி எரியுதுன்னு கேட்டீங்களே, உங்க கேள்விலயே ரொம்ப முக்கியமானது அதுதான். தோள்பட்டை எலும்பை உள் பக்கம் இழுத்துப் பிடிக்கிற தசைகள் ராம்பாய்டு, நடு ட்ரெப்பீசியஸ், கீழ் ட்ரெப்பீசியஸ். சாதாரணமா உக்காந்திருக்கும்போதே கை முன்னாடி நீட்டி இருக்கிறதால இவை நீண்ட நிலைல, சின்ன அளவுல, விடாம வேலை பாத்துட்டு இருக்கு. நீங்க நெஞ்சை தூக்கி தோளை பின்னாடி இழுத்து விறைப்பா உக்காந்தா, ஏற்கனவே சோர்ந்து போன அதே தசைக்கு இன்னும் வேலை குடுக்கிறீங்க. எரியாம என்ன செய்யும்? நிமிந்து உக்காருறதுங்கிறதை ஒரு தண்டனையா நாள் முழுக்க பிடிச்சுட்டு இருக்கணும்னு யாரும் நினைக்காதீங்க. எல்லாருக்கும் பொருந்துற ஒரே சரியான போஸ்ச்சர்னு ஒன்னு இருக்கு, அதுல உக்காந்தா வலி வராதுங்கிறதுக்கு ஆதாரம் ரொம்ப பலவீனம். கூனி உக்காந்தும் வலி இல்லாதவங்க ஏராளம், விறைப்பா உக்காந்து வலியோட இருக்கிறவங்களும் ஏராளம். நல்லா பின்னாடி சாஞ்சு உக்காருங்க, அப்புறம் கொஞ்சம் முன்னாடி வாங்க, அப்புறம் ஒரு பக்கமா, அப்புறம் எழுந்து நில்லுங்க. மாறிட்டே இருக்கிறதுதான் விஷயம்.

சின்ன வேலைதானே, அதுக்கு எப்படி இவ்ளோ வலின்னு தோணும். இதுக்கு 1991ல ஸ்வீடனைச் சேர்ந்த யோரான் ஹேக் ஒரு விளக்கம் குடுத்தார், சிண்ட்ரெல்லா கருதுகோள்னு சொல்வாங்க. ஒரு தசைல எல்லா நாரும் ஒரே நேரத்துல வேலை செய்யாது, லேசான வேலைக்கு ஒரு சின்ன கூட்டம் நார்கள் மட்டும்தான் முதல்ல எழுந்துக்கும், தசை முழுசா தளர்ற வரைக்கும் அதே நார்கள்தான் கடைசி வரைக்கும் வேலை பாக்கும். மவுஸ் பிடிக்கிற அளவு சின்ன சுமைனாலும் இடைவெளியே இல்லாம போனா அந்த நார்களுக்கு ஓய்வே கிடைக்கிறதில்ல. கருதுகோள்தான், எல்லா வலியையும் இது விளக்கிடாது, ஆனா டெஸ்க் வேலைக்காரங்களோட ட்ரெப்பீசியஸ் வலிக்கு நல்லாவே ஒத்து வருது. மனசுல டென்ஷன் இருந்தாலும் இதே தசை தானா இறுகும், கை அசைக்காமலேயே. மாசக் கடைசில ஜாஸ்தியாகுதுன்னு நீங்க சொன்னதுல வேலை நேரமும் இருக்கு, டென்ஷனும் இருக்கு.

அதனாலதான் பெல்ட், மசாஜ் எல்லாம் அன்னிக்கு மட்டும் கேக்குது. அது தப்பில்ல, பண்ணிக்கோங்க, ஆனா அந்த தசையோட தாங்கும் சக்தியை அது கூட்டாது. அதுக்கு ஒரே வழி அதுக்கு கொஞ்சம் கொஞ்சமா கனமான வேலை குடுத்து பலப்படுத்துறது. டென்மார்க்ல 2011ல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு, கழுத்தும் தோளும் அடிக்கடி வலிக்கிற 198 ஆபீஸ் ஊழியர்களை பிரிச்சு, சிலருக்கு ஒரு நாளைக்கு 2 நிமிஷம், சிலருக்கு 12 நிமிஷம், ரப்பர் பட்டையை பிடிச்சு கையை பக்கவாட்டுல தூக்குற பயிற்சி, வாரத்துல 5 நாள், 10 வாரம். ரெண்டு கூட்டத்துக்குமே வலி குறைஞ்சது, 12 நிமிஷக்காரங்களுக்கு கொஞ்சம் கூடுதலா, அவ்ளோதான் வித்தியாசம். 2 நிமிஷம்ங்க! நேரமே இல்லன்னு சொல்றவங்க கிட்ட நான் எப்பவும் இதைத்தான் சொல்வேன்.

கதிர்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இப்படி யாரும் எனக்கு விளக்கி சொன்னதே இல்ல. நெஞ்சு வலி மூச்சு வாங்குறது எல்லாம் கிடையாது, மாடி ஏறினா ஒன்னும் ஆகுறதில்ல, சொல்லப்போனா நடந்தா நல்லா இருக்கு. நவீன் சொன்ன மாதிரி தொட்டு பாத்தேன், மவுஸ்ல கை வச்ச உடனே இறுகுது, நெஜமாவே தெரியுது. நம்பர் பேட் இல்லாம என்னால முடியாது, நாள் முழுக்க என்ட்ரிதான். இன்னொரு விஷயம், ரெண்டு ஸ்கிரீன் இருக்கு, வவுச்சர், பில் எல்லாம் டேபிள்ல இடது பக்கம் படுக்க வச்சு பாத்து பாத்து அடிப்பேன். அப்ப கண்ணு இடது கீழ, கை வலது. இதுவும் காரணமா இருக்குமா? டிஸ்க் விஷயம் பத்தியும் சொல்லுங்களேன், அதுதான் தூக்கத்தை கெடுக்குது.

ஜெயந்தி (பிசியோதெரபிஸ்ட்):

இருக்கும், நிச்சயமா. தலை கிட்டத்தட்ட 5 கிலோ, அதை இடது கீழ சாச்சு வச்சுட்டு வலது கையை வெளிய நீட்டினா கழுத்துலேந்து தோள்பட்டை எலும்போட மேல் முனைக்கு வர்ற தசை, லெவேட்டர் ஸ்காப்புலேன்னு பேரு, வலது பக்கம் இழுபட்டுக்கிட்டே வேலை பாக்குது. வலி இடத்தோட மேல் பாதி அதுவாவே இருக்கலாம். வவுச்சரை படுக்க வைக்காம ஒரு சாய்வான ஸ்டாண்டுல கீபோர்டுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவுல நேரா வையுங்க, புத்தகம் படிக்கிற ஸ்டாண்டு கூட போதும். நம்பர் பேட் இல்லாத சின்ன கீபோர்டும் தனியா ஒரு நம்பர் பேடும் கிடைக்குது. நம்பர் பேடை இடது பக்கம் வச்சு பழகினா வலது பக்கம் மவுஸ் உள்ள வந்துடும். பழக கொஞ்ச நாள் ஆகும், அதனால க்ளோசிங் முடிஞ்சு வேலை லேசா இருக்கிற வாரத்துல ஆரம்பிங்க. இல்லன்னா மவுஸை இடது கைக்கு மாத்துங்க, அதுவும் நல்ல வழி. ரெண்டு ஸ்கிரீன்ல எதை அதிகம் பாக்குறீங்களோ அது நேர் எதிர்ல, மத்தது பக்கத்துல ஒட்டி.

டிஸ்க் பத்தி. கழுத்து டிஸ்க்குக்கும் நீங்க சொல்ற இடத்துக்கும் சம்பந்தம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 1959லயே ரால்ஃப் கிளோவர்டுங்கிற நரம்பியல் அறுவை நிபுணர் கீழ்க்கழுத்து டிஸ்க்குகளை ஊசியால தூண்டினா தோள்பட்டை எலும்போட உள் ஓரத்துல வலி தெரியுதுன்னு எழுதினார். அதாவது வலி முதுகுல, மூலம் கழுத்துலங்கிறது நடக்கும். அதனால முதுகையே நீவிக்கிட்டு இருக்காம கழுத்தையும் பரிசோதிக்கணும். முகத்தை மேல தூக்கி வலது பக்கம் திருப்பினா வலி கையில இறங்குதா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகுதா? கையை தூக்கி உள்ளங்கையை தலை மேல வச்சா வலி குறையுதா? இதுக்கெல்லாம் ஆமான்னா நரம்பு அழுத்தத்துக்கு வாய்ப்பு இருக்கு, நேர்ல போய் காட்டுங்க, அதுவும் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலேயே சில மாசத்துல அடங்கும். இல்லன்னா அந்த ரிப்போர்ட் வரிக்கு இவ்ளோ பயப்பட வேணாம். ஜப்பான்ல கழுத்து வலி எதுவும் இல்லாத 1211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்து 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்துச்சு. வலியே இல்லாதவங்க அத்தனை பேரும். இருபது வயசுக்காரங்கள்லயே பெரும்பாலானவங்களுக்கு இருந்துச்சு. நரை விழுற மாதிரி உள்ள நடக்கிற மாற்றம், அதை பாத்து உடம்பே உடைஞ்சு போச்சுன்னு நினைச்சு அசையாம இருந்தீங்கன்னா அதுதான் நஷ்டம். சரியான பயிற்சியால டிஸ்க் வெளிய வந்துடாது.

பயிற்சி என்னன்னா, ரப்பர் பட்டையை கதவு கைப்பிடில நெஞ்சு உயரத்துல மாட்டிட்டு ரெண்டு முனையையும் பிடிச்சு முழங்கையை விலாவை ஒட்டி பின்னாடி இழுங்க, தோள்பட்டை எலும்பு ரெண்டும் நெருங்கணும், தோள் காதுகிட்ட ஏறக்கூடாது, ஒரு நிமிஷ நேரத்துல மெதுவா 12லேந்து 15 தடவை, ரெண்டு மூணு செட், வாரத்துல மூணு நாள். அது சுலபமாயிட்டா கனமான பட்டைக்கு மாறணும், அதை மறந்துடாதீங்க, அதே மெல்லிசு பட்டையை மாசக்கணக்கா இழுத்துட்டு பிரயோஜனம் இல்லன்னு விட்டவங்களை நிறைய பாத்திருக்கேன். கூடவே பக்கவாட்டுல கை தூக்குறது. குப்புற படுத்து ரெண்டு கையையும் ஒய் எழுத்து மாதிரி மேல நீட்டி கட்டைவிரல் வானத்தை பாக்க தூக்கி இறக்குறது கீழ் ட்ரெப்பீசியஸுக்கு ரொம்ப நல்லது, ஆரம்பத்துல கையோட வெயிட்டே போதும்.

நடுமுதுகு எலும்புகள் 12, ஒவ்வொன்னோடவும் விலா எலும்பு சேந்திருக்கிறதால அந்த பகுதி இயல்பாவே கொஞ்சம் விறைப்பு, உக்காந்தே இருந்தா இன்னும் இறுகிடும். சேர் முதுகு தாழ்வா இருந்தா ரெண்டு கையையும் பிடரில கோத்துட்டு மேல்முதுகை அதுமேல மெல்ல பின்னாடி வளைச்சு மூச்சு விடுங்க, நாலஞ்சு தடவை. ஒரு பக்கமா படுத்து முழங்காலை மடக்கி மேல் கையை மட்டும் புத்தகம் பிரிக்கிற மாதிரி அந்தப் பக்கம் கொண்டு போறது, கண்ணும் கையோட போகணும், தூங்குறதுக்கு முன்னாடி பண்ணா இன்னும் சுகமா இருக்கும். பலப்படுத்துற பயிற்சிக்கு பலன் தெரிய 6 வாரத்துலேந்து 3 மாசம் வரை ஆகும், ஒரு வாரத்துல எதிர்பாக்காதீங்க.

ஷெரின்:

குறுக்க வரேன், மன்னிக்கணும், இதை படிக்கிற மத்தவங்களுக்காக. எங்க அண்ணனுக்கும் மேல்முதுகு, இடுப்பு வலி ஆபீஸ் வேலைனாலதான்னு எல்லாரும் சொன்னாங்க, சேர் மாத்தினாங்க, மெத்தை மாத்தினாங்க. அவருக்கு என்ன வித்தியாசம்னா காலைல எழுந்திருக்கும்போதுதான் மோசம், மரக்கட்டை மாதிரி இருக்கும்னு சொல்வார், குளிச்சு நடமாடினா மெல்ல விடும், விடியற்காலைல வலியே எழுப்பி விட்டுடும், ரெஸ்ட் எடுத்த நாள்ல இன்னும் ஜாஸ்தி. கடைசில வாதநோய் நிபுணர் கிட்ட போனப்பதான் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்னு தெரிஞ்சது. முதுகெலும்புல வர்ற அழற்சி நோய், பெரும்பாலும் 45 வயசுக்குள்ள ஆரம்பிக்குமாம். காலைல அரை மணி நேரத்துக்கு மேல விறைப்பு, அசைஞ்சா குறையுது, ஓய்வெடுத்தா கூடுது, மூணு மாசத்துக்கு மேல நீடிக்குதுன்னா தயவுசெஞ்சு சேர் கடைக்கு போறதுக்கு முன்னாடி வாதநோய் டாக்டரை பாருங்க. அதுக்கு மருந்து இருக்கு, எவ்ளோ சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்ளோ நல்லது. எத்தனை வருஷம் வீணாப் போச்சுன்னு நினைச்சா இப்பவும் எனக்கு ஆத்திரமா வருது. கதிர் அண்ணா, உங்களுக்கு வேலை செய்யச் செய்ய கூடுதுன்னு சொல்றீங்க, அதனால இது இல்லன்னு நினைக்கிறேன், ஆனாலும் காலைல எப்படி இருக்குன்னு ஒரு தடவை கவனிச்சு பாருங்க.

மணி:

தம்பி, நான் மொழிபெயர்ப்பு வேலைல இருக்கேன், வயசுல உங்களுக்கு மூத்தவனா இருப்பேன். இந்த வலியோட ரொம்ப வருஷம் வாழ்ந்துட்டு இருக்கேன், இப்ப அது என் வேலையை நிறுத்துறது இல்ல. எல்லாரும் பயிற்சி சொல்லிட்டாங்க, நான் நாள் நகர்ற விதத்தை பத்தி மட்டும் சொல்றேன்.

அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்கன்னு சொல்றது சுலபம், போன்ல அலாரம் வச்சா வேலை மும்முரத்துல கை தானா அதை அணைச்சுடும். அதனால எழுந்திருக்கிறதை வேலையோடயே முடிச்சு போடணும். எனக்கு ஒரு பக்கம் முடிஞ்சா எழுந்து நிப்பேன், அடுத்த பக்கத்தை நின்னுட்டு ஒரு தடவை வாய்விட்டு படிச்சுட்டுதான் உக்காருவேன். உங்களுக்கு ஒரு கட்டு வவுச்சர் முடிஞ்சா எழுந்திருங்க, அடுத்த கட்டை எட்டுற தூரத்துல வைக்காதீங்க, அறைக்கு அந்தப் பக்கம் வையுங்க. போன் வந்தா நின்னு பேசுங்க, போனை காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிட்டு டைப் அடிக்கிறது மட்டும் கூடவே கூடாது, ஹெட்செட் போட்டுக்கோங்க. முப்பது செகண்ட் கையை ரெண்டையும் மடியில தொங்க விட்டு தோளை இறக்கி மூச்சை நீளமா விட்டாலே அந்த தசைக்கு ஓய்வுதான், யாருக்கும் தெரியக்கூட தெரியாது.

ரெண்டாவது, வலி இல்லாத நாள்ல ஒரே மூச்சா எல்லாத்தையும் முடிச்சுடலாம்னு உக்காந்துடாதீங்க. நல்ல நாள்ல அளவுக்கு மீறி உக்காந்து, அடுத்த ரெண்டு நாள் படுத்து, திரும்ப நல்லாகி திரும்ப மீறின்னு ஒரு சுழல் இருக்கு, நாள்பட்ட வலிக்காரங்க நிறைய பேர் அதுலதான் மாட்டிக்கிட்டு இருக்காங்க. நல்ல நாளோ கெட்ட நாளோ இடைவெளி ஒரே மாதிரி இருக்கட்டும். கெட்ட நாள்ல பயிற்சியை முழுசா நிறுத்தாம பாதியா குறைச்சுக்கோங்க, சூடு ஒத்தடம் குடுங்க, நடங்க. வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல நீங்களா நீட்டாதீங்க, வயித்தையும் சிறுநீரகத்தையும் பதம் பாத்துடும், ரத்த அழுத்தமும் ஏறும்.

தூக்கம் பத்தி யாரும் சொல்லல. ஒருக்களிச்சு படுக்கறவரா இருந்தா மேல் பக்க கை நெஞ்சுக்கு முன்னாடி சரிஞ்சு விழுந்து ராத்திரி முழுக்க அதே இடத்தை இழுத்துட்டு இருக்கும். ஒரு தலகாணியை கட்டிக்கிட்டு அதுமேல அந்த கையை வச்சு படுங்க. தூக்கம் கெட்ட மறுநாள் அதே வலி இன்னும் பெருசா தெரியும், வலி பெருசா தெரிஞ்சா திரும்ப தூக்கம் கெடும். டிஸ்க் பயத்தை பத்தி ஜெயந்தி மேடம் சொன்னதை ராத்திரி ஒரு தடவை படிச்சுட்டு படுங்க தம்பி, பயம் குறைஞ்சாலே தோள் கொஞ்சம் இறங்கும், அனுபவத்துல சொல்றேன்.

கதிர்:

கண்ணு கலங்கிடுச்சு ஐயா, உண்மையா. ஷெரின், காலைல எழுந்திருக்கும்போது எனக்கு நல்லாதான் இருக்கு, கவனிச்சு பாத்துட்டேன். விரல் மரத்துப் போறது இல்ல, தலை மேல கை வச்சா பெருசா மாற்றமும் இல்ல. வவுச்சரை ஸ்டாண்டுல வச்சாச்சு, அதுவே கழுத்துக்கு நிம்மதியா இருக்கு. தனி நம்பர் பேட் சொல்லியிருக்கேன். ரெண்டு சந்தேகம். பட்டையை இழுக்கும்போது அதே இடத்துல வலிக்குது, நிறுத்திடணுமா? அப்புறம் நான் ப்ரோக்ரஸிவ் கண்ணாடி போடுறேன், ஸ்கிரீனை கண் மட்டத்துக்கு உயர்த்தினதுலேந்து பிடரி வலிக்குது, மத்தவங்களுக்கு நல்லது எனக்கு மட்டும் ஏன் ஒத்துக்கலன்னு தெரியல.

ஜெயந்தி (பிசியோதெரபிஸ்ட்):

நல்லவேளை கண்ணாடியை சொன்னீங்க. ப்ரோக்ரஸிவ் லென்ஸ்ல கிட்டத்துல பாக்குற பவர் கீழ் பகுதில இருக்கு, நடு தூரத்துக்கான பட்டை குறுகலா நடுவுல இருக்கு. ஸ்கிரீன் உயரமா இருந்தா எழுத்து தெளிவா தெரியறதுக்காக முகவாயை தூக்கி தலையை பின்னாடி சாய்ப்பீங்க, நாள் முழுக்க. பிடரி வலிக்காம இருக்குமா? உங்களுக்கு கண் மட்டம்ங்கிற கணக்கே வேணாம். ஸ்கிரீனை முகவாயை தூக்காம படிக்க முடியற வரைக்கும் இறக்குங்க, மேல் விளிம்பை கொஞ்சம் பின்னாடி சாயுங்க. அப்பவும் சரிவரலன்னா ஸ்கிரீன் தூரத்தை டேப் வச்சு அளந்து கண் டாக்டர் கிட்ட சொல்லி கம்ப்யூட்டருக்குன்னே தனி கண்ணாடி எழுதி வாங்கிக்கோங்க. எழுத்து அளவையும் பெருசு பண்ணிக்கோங்க, அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர்ல எல்லாம் அது ரொம்ப பொடிசா இருக்கும், நம்மளை அறியாம முன்னாடி இழுக்கும்.

பட்டை இழுக்கும்போது வர்ற வலியை 10க்கு எவ்ளோன்னு பாருங்க. 3, 4 வரைக்கும் இருந்து, மறுநாள் காலைக்குள்ள பழைய நிலைக்கு வந்துட்டா தொடருங்க, அது கெடுதல் இல்ல, பழக்கம் இல்லாத தசை அப்படித்தான் பேசும். அதுக்கு மேல போனாலோ மறுநாளும் தங்கினாலோ மெல்லிசு பட்டைக்கு மாறி எண்ணிக்கையை குறைங்க, நிறுத்த வேணாம். கைல சுரீர்னு இறங்குற வலியோ மரத்துப் போறதோ புதுசா வந்தா மட்டும் நிறுத்திட்டு நேர்ல காட்டுங்க. முடிஞ்சா ஒரு தடவை பக்கத்துல இருக்கிற பிசியோ கிட்ட போய் இழுக்கிற விதத்தை பாக்க சொல்லுங்க, தோள் காதுகிட்ட ஏறுறது நமக்கே தெரியாது, அவங்க பின்னாடி நின்னு பாத்தா உடனே தெரிஞ்சிடும். நம்பர் பேட் வந்த பிறகு மவுஸ் எங்க உக்காருதுன்னு ஒரு போட்டோ எடுத்து போடுங்க, முழங்கை எவ்ளோ வெளிய இருக்குன்னு பாத்து சொல்றேன்.